ஊர்கூடிக் கட்டும் காளான் கையேடு: இணையத்தில் தொடங்கி நடத்தும் முறை

மழை விட்ட இரண்டாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் காளான் படங்கள் வரத் தொடங்கும். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படம், அதன் கீழே ஒற்றைக் கேள்வி: "இது சாப்பிடுற காளானா?" நம் மண்ணில் முளைப்பவற்றை வைத்துத் தமிழில் பொறுப்பாகப் பேசும் இடங்கள் மிகக் குறைவு. அப்படி ஓர் இடத்தை நீங்களும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்குவதற்கான வேலைமுறை இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. ஐந்தாறு பேர், ஆளுக்கொரு கைபேசி, முழுதாக ஒரு மழைக்காலம் இருந்தால் தொடங்கலாம். செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் பிடிக்கும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் கையேட்டில் எத்தனை இனம் இருக்கிறது என்று யாரும் எண்ணப்போவதில்லை. ஒரு பெயரை எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகவே.

எல்லையைச் சிறிதாகப் போடுங்கள்

பூஞ்சைகளில் இதுவரை பெயர் பெற்றவை சுமார் ஒன்றரை லட்சம் இனங்கள். உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்கிறது 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு. "தமிழ்நாட்டுக் காளான்கள்" என்று பெயர் வைத்துக் கிளம்பிய குழு முதல் ஆண்டிலேயே மூச்சுவாங்கும். ஒரு வட்டம், ஒரு கல்லூரி வளாகம், ஓர் ஏரிக்கரை, ஒரு மலைச்சாலை: இவற்றில் ஒன்று போதும். முதல் ஆண்டு இலக்கு முப்பது பக்கங்கள்.

எளிதில் கண்ணில் படுபவை, வேறொன்றோடு அவ்வளவாகக் குழம்பாதவை ஆகியவற்றில் தொடங்குங்கள். பட்ட விறகில் சிறு விசிறிகளாக, அடிப்பக்கம் பிளவுபட்ட செவுள்களோடு வரும் ஸைசோஃபில்லம் கொம்யூன். செத்த கிளையில் ஆரஞ்சுச் சிவப்பாக ஒட்டியிருக்கும் பைக்னோபோரஸ். காது மடல்போல் வழவழவென்று இருக்கும் ஆரிகுலேரியா. பூந்தொட்டியில் திடீரென்று மஞ்சளாக நிற்கும் லியூகோகோப்ரினஸ். தென்னையின் அடிமரத்தில் பலகைபோல் வளரும் கனோடெர்மாவை விட்டுவிடாதீர்கள். 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டுத் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற நோய்க்குக் காரணம் இந்தப் பூஞ்சைதான். உங்கள் தளத்துக்கு விவசாயிகளை அழைத்துவரப்போகிற பக்கம் அதுவாகவே இருக்கும்.

காலத்தையும் எல்லையோடு சேர்த்துக் குறியுங்கள். நீலகிரி, வால்பாறை, குமரி மலைப்பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல வேட்டை. கிழக்குச் சமவெளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர்.

தொடங்கும் முன்பே எழுத வேண்டிய பக்கம்

இனப்பக்கம் ஒன்றுகூட எழுதாத நிலையில், எச்சரிக்கைப் பக்கத்தை எழுதிவிடுங்கள். அதில் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "இத்தளத்தைப் பார்த்து எந்தக் காளானையும் உண்ண வேண்டாம். உண்ணத்தக்கதா என்ற கேள்விக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை."

கடுமையாகத் தோன்றும். காரணம் உண்டு. புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் வெள்ளைக் குடையாக வரும் க்ளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் வெப்பநாடுகளில் அடிக்கடி நஞ்சூட்டும் காளான். அதன் செவுள் இளமையில் வெள்ளையாகவே இருக்கும். முதிர்ந்த பிறகுதான் பச்சை ஏறும். இளங்காளானின் படத்தைப் பார்த்து ஒருவர் "நம்ம ஊர்க் குடைக்காளான்" என்று சொல்லிவிட்டால், சில மணி நேரத்தில் ஒரு வீடே வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும். அமானிட்டா வகைகள் சிலவற்றிலுள்ள அமடாக்ஸின் இதைவிடக் கொடியது. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு ஒரு நாள்வரை, எதுவும் தெரியாது. பிறகு வாந்தி பேதி தொடங்கும். இடையில் சற்றுத் தேறியதுபோல் இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஈரல் அழிகிறது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள்.

அதே பக்கத்தில் ஊரில் உலவும் சோதனைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி கடித்திருந்தால் நல்லது, மாடு தின்றால் நல்லது: நான்கும் பொய். பொதுவாக "கவனமாக இருங்கள்" என்று எழுதினால் எவரும் தம் பாட்டி சொன்ன சோதனையை விடமாட்டார்கள்.

யாராவது ஏற்கெனவே உண்டுவிட்டால் செய்ய வேண்டியவற்றை அங்கேயே, பெரிய எழுத்தில் கொடுங்கள்:

1. அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள் அல்லது அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
2. மீதமுள்ள காளானை, சமைத்ததோ பச்சையோ, காகிதத்தில் சுற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.
3. உண்ட நேரம், அறிகுறி தொடங்கிய நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இதுதான்.
4. வாந்தி எடுக்கவைக்க உப்புநீர், மோர், புளிக்கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள்.
5. உடன் உண்ட எல்லோரையும் அழைத்துச் செல்லுங்கள், நன்றாக இருப்பவர்களையும்.

யார் என்ன செய்வது

தொண்டர் குழுக்கள் பெரும்பாலும் உடைவது பெயர் வைப்பதில்தான். படம் எடுத்தவரே பெயரும் வைத்து, அவரே வெளியிடவும் செய்தால் பிறகு அதைத் திருத்துவது அவரைத் திருத்துவதாகிவிடும். வேலையைப் பிரித்துவிடுங்கள். பதிவாளர்கள் படமும் குறிப்பும் தருவார்கள். சரிபார்ப்பவர்கள் இருவர் பெயரைப் பற்றி முடிவெடுப்பார்கள். ஒருவர் தமிழைச் செம்மை செய்வார். ஒருவர் தளத்தைப் பார்த்துக்கொள்வார். சரிபார்ப்பவர்களில் ஒருவராவது தாவரவியல் படித்தவராக இருப்பது நல்லது. அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் கேட்டுப் பாருங்கள். வேளாண் கல்லூரி இருந்தால் அங்கே பயிர்நோயியல் துறை.

புதிதாக வந்தவரின் படம் போதாதபோது வெறுமனே "நிராகரிக்கப்பட்டது" என்று காட்டினால் அவர் திரும்ப வரமாட்டார். இந்த மாதிரி எழுதுங்கள்: "அக்கா, படத்துக்கு நன்றி. தொப்பி தெளிவா இருக்கு. ஆனா அடித்தண்டு மண்ணுக்குள்ள மறைஞ்சிருக்கு, செவுளும் தெரியல. அடுத்த தடவை ஒண்ணை வேரோட தோண்டி, பக்கவாட்டுல ஒரு படம் எடுத்து அனுப்புங்க. இப்போதைக்கு 'பெயர் தெரியாதவை'யில வச்சிருக்கோம்."

களத்தில்

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மாவட்ட வன அலுவலருக்கு எழுதி அனுமதி வாங்கலாம். வாங்கும்வரை தோப்பு, கோயில்காடு, ஏரிக்கரை, சாலையோர மரங்கள், தேயிலைத் தோட்டத்தின் ஓரம் ஆகியவற்றிலேயே ஓராண்டுக்கான வேலை கிடைக்கும். தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள். மலைப்பகுதிகளில் இருவருக்குக் குறையாமல் போங்கள், விடிந்து வெகுநேரம் கழித்துப் போய், மாலைக்கு முன் திரும்புங்கள். யானை நடமாட்டத்தை அன்று காலை உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரையான் புற்றின் துளையில் கையை விடக்கூடாது, பாம்பு இருக்கும்.

ஒரு காளானுக்கு இந்த வரிசை:

1. தொடுமுன் ஒரு படம். சுற்றுப்புறம் தெரிய வேண்டும்: மண்ணா, சாணமா, விறகா, உயிருள்ள மரமா.
2. அருகிலுள்ள மரம் என்னவென்று எழுதுங்கள். அதன் இலையையும் படமெடுங்கள்.
3. அளவுகோல் அல்லது ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் வைத்துத் தரைமட்டத்திலிருந்து பக்கவாட்டுப் படம்.
4. ஒன்றை மட்டும் கத்தியால் தோண்டி எடுங்கள். அடியில் கிண்ணம்போல் உறை இருக்கிறதா, வேர்போல் நீண்டு போகிறதா என்று பாருங்கள்.
5. தொப்பியின் அடிப்பக்கம்: செவுளா, துளைகளா, முட்களா. செவுள் தண்டோடு ஒட்டுகிறதா, விலகி நிற்கிறதா.
6. நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு படம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. சில காளான்கள் அறுத்த இடத்தில் நீலமாகவோ சிவப்பாகவோ மாறும்.
7. மணத்தை எழுதுங்கள். ருசி பார்க்காதீர்கள். மேனாட்டு நூல்கள் சிலவற்றில் நுனிநாக்கில் வைத்துத் துப்பச் சொல்லியிருப்பார்கள். உங்கள் குழுவில் அது தடை.
8. காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து, வீடு சேர்வதற்குள் கூழாகிவிடும்.

நான்காம் படியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். அதில்தான் பாதி அடையாளம் இருக்கிறது. நம் ஊரில் பலரும் விரும்பும் புற்றுக்காளான், அதாவது டெர்மிட்டோமைசிஸ், மண்ணுக்குள் கரையான்கூட்டின் பூஞ்சைத் தோட்டம்வரை நீளும் வேர்போன்ற தண்டால்தான் தெரியும். அதை மேலோடு கிள்ளி எடுத்தால் படத்தில் மிஞ்சுவது ஏதோ ஒரு வெள்ளைக் குடை. புற்றின் மேல் வருவதெல்லாம் புற்றுக்காளான் என்றும் சொல்வதற்கில்லை: வறண்ட பகுதிகளில் புற்றின் மேலேயே விரியாத குடைபோல் போடாக்ஸிஸ் நிற்கும். அமானிட்டாவின் அடிக்கிண்ணமும் மண்ணுக்குள்தான் மறைந்திருக்கும்.

குறிப்பு: ஓரிடத்தில் ஒரே வகை பத்து இருந்தால் மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது என மூன்று வயதையும் ஒரே படத்தில் கொண்டுவாருங்கள். க்ளோரோஃபில்லத்தின் பச்சை முதிர்ந்ததில்தான் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்போர் அச்சு

காளானின் வித்துத்துகளான ஸ்போரைக் காகிதத்தில் விழச்செய்து அதன் நிறத்தைப் பார்ப்பதுதான் ஸ்போர் அச்சு. கருவி ஏதும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு ஈடானது வேறில்லை. சரிபார்ப்பவருக்கு மூன்று படத்தைவிட ஓர் அச்சு உதவும்.

1. விரிந்த தொப்பியைத் தண்டோடு ஒட்ட அறுத்துவிடுங்கள்.
2. பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள காகிதத்தில் செவுள் கீழ்நோக்க வையுங்கள். வெள்ளைக் காகிதத்தில் மட்டும் வைத்தால் வெள்ளை ஸ்போர் கண்ணுக்கே தெரியாது. "அச்சு விழவில்லை" என்று தவறாக எழுதிவிடுவார்கள்.
3. தொப்பி மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, டம்ளரால் மூடி, இரவு முழுக்க விடுங்கள்.
4. காலையில் பகல் வெளிச்சத்தில் நிறத்தை எழுதிப் படமெடுங்கள். குழல்விளக்கின் கீழ் எடுத்தால் நிறம் ஏமாற்றும்.

புற்றுக்காளானின் அச்சு இளஞ்சிவப்பு. க்ளோரோஃபில்லம் பச்சை. அமானிட்டா வெள்ளை. வைக்கோல் காளானுக்கும் அமானிட்டாவுக்கும் அடியில் கிண்ணம் உண்டு, மொட்டில் இரண்டும் முட்டைபோல இருக்கும். ஆனால் வைக்கோல் காளானின் அச்சு இளஞ்சிவப்பு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஊரில் உண்ட வைக்கோல் காளான் என்று நம்பி அமானிட்டா ஃபாலாய்டிஸை உண்டு நஞ்சேறிய செய்திகள் மருத்துவ இதழ்களில் உள்ளன.

அச்சும் படமும் எடுத்த காளானைக் குப்பையில் போடாதீர்கள். 40 முதல் 45 டிகிரியில் மொறமொறவென்று உலர்த்தி, பதிவெண் எழுதிய காகித உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பெயரைப் பின்னாளில் ஒருவர் கேள்வி கேட்டால் எடுத்துக்காட்ட வேண்டியது இந்த மாதிரிதான். பூஞ்சைகளைப் பிரித்தறிய ஐடிஎஸ் எனும் மரபணுப் பகுதி 2012-இல் பொது அடையாளக் குறியாக ஏற்கப்பட்டது. நன்றாக உலர்ந்த மாதிரி இருந்தால் ஆண்டுகள் கழித்தும் ஓர் ஆய்வகத்தில் அதைப் படித்துவிடலாம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை வந்தால் மட்டும் நில்லுங்கள்: 2002 உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி அனுமதி தேவைப்படும்.

பெயர் வைக்கும் ஒழுங்கு

கைபேசிச் செயலிகள் நொடியில் ஒரு பெயரைச் சொல்லிவிடும். அவை கற்றுக்கொண்ட படங்களில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும்தான் அதிகம். நம் சோலைக்காட்டில் எடுத்த படத்துக்கும் இங்கிலாந்துக் காளானின் பெயரைச் சொல்லத் தயங்காது. செயலி சொன்னதைத் தேடலின் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் எழுதாதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய காளான் நூல்கள் 2023-இல் அமேசானில் விற்பனைக்கு வந்தபோது நியூயார்க் பூஞ்சையியல் சங்கம் பொதுவில் எச்சரிக்கை விடுத்தது. உங்கள் தளத்திலும் பக்கங்களை அப்படி நிரப்பும் ஆசை யாருக்காவது வரும். விதியாகவே எழுதித் தடுங்கள்.

ஒப்பிட நல்ல ஆதாரங்கள் பக்கத்திலேயே உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கே. நடராஜன் தென்னிந்தியச் செவுட்காளான்கள் பற்றி நீண்ட கட்டுரைத் தொடரே எழுதியிருக்கிறார். இலங்கையில் தாமஸ் பெட்ச் தொடங்கிய பணி 1950-இல் பிஸ்பியுடன் இணைந்த நூலாக வந்தது. 1986-இல் பெக்ளரின் இலங்கைச் செவுட்காளான் நூல் வந்தது. நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் பொதுவானவை ஏராளம் என்பதால் ஐரோப்பியக் கையேட்டைவிட இவை பலமடங்கு உதவும். அறிவியல் பெயர் இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதை இண்டெக்ஸ் ஃபங்கோரம் அல்லது மைக்கோபேங்க் தளத்தில் சரிபாருங்கள்.

பெயரை நான்கு நிலைகளில் மட்டும் கொடுங்கள்:

1. பெயர் தெரியாதது. விவரம் மட்டும்.
2. பேரினம் வரை. தெளிவான படங்களும் ஸ்போர் அச்சும் இருந்தால்.
3. இனத்தை ஒத்தது. நூல் விவரத்தோடு பொருந்துகிறது, நுண்ணோக்கியில் பார்க்கவில்லை.
4. உறுதியான இனம். நுண்ணோக்கி அளவுகளோ மரபணுவோ இருந்து, சரிபார்ப்பவர் இருவரும் ஒப்பினால்.

ஸைசோஃபில்லம் கொம்யூன் போன்ற ஐயத்துக்கு இடமற்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். விலக்குப் பட்டியலை வெளிப்படையாக வையுங்கள். முதல் ஆண்டு முடிவில் உங்கள் பக்கங்களில் பெரும்பாலானவை இரண்டாம் நிலையில் நின்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். எல்லாம் நான்காம் நிலையில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மரத்தின் பெயரை எழுதச் சொன்னது இங்கே கைகொடுக்கும். நீலகிரியில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்களின் வேரோடு அமானிட்டா மஸ்காரியா, லக்காரியா, சூயிலஸ் போன்றவை கூட்டு வாழ்கின்றன. பைன் தோட்டத்தில் எடுத்த படத்துக்கு மேனாட்டுப் பெயர் சரியாகவே இருக்கலாம். அதே படம் நூறு மீட்டர் தள்ளிச் சோலையில் எடுத்ததென்றால் நம்பாதீர்கள்.

தளத்தை எங்கே கட்டுவது

படங்களைச் சேமிக்கும் கிடங்கை நீங்களே கட்ட முயலாதீர்கள். உற்சாகமான கணினிக்காரர் ஒருவர் கிடைத்தவுடன் குழுக்கள் செய்யும் முதல் காரியம் இதுதான், அவர் வேலை மாறிப் போனதும் முடங்குவதும் இதனால்தான். பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். அங்கே உங்கள் பகுதிக்கும் பூஞ்சைகளுக்கும் ஒரு திட்டப்பக்கம் அமைத்தால் பதிவுகள் தாமாக வந்து சேரும். உரிமம் பொருந்தி, பிறரும் ஒப்பிய பதிவுகள் அங்கிருந்து ஜிபிஃப் எனும் உலகத் தரவுத்தளத்துக்கும் போகும். காளானுக்கென்றே 2006-இல் தொடங்கிய மஷ்ரூம் அப்சர்வர் தளமும் உண்டு.

உங்கள் சொந்தத் தளத்தில் இருக்க வேண்டியவை தமிழ் இனப்பக்கங்கள் மட்டும். வேர்ட்பிரஸ் போதும். பலரும் சேர்ந்து திருத்த வேண்டுமென்றால், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு தெரியும் மீடியாவிக்கி மேல். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே அச்சு: பெயரும் அதன் நிலையும், ஊர்வழக்குப் பெயர்கள், எங்கே எப்போது, தொப்பி, அடிப்பக்கம், தண்டு, அடி, ஸ்போர் அச்சு, எதனோடு குழம்பும், எந்தெந்தப் பதிவெண்களை வைத்து எழுதியது. "எதனோடு குழம்பும்" பகுதி காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தை வெளியிடாதீர்கள்.

படத்தின் உரிமை எடுத்தவருடையது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருவதாகப் பதிவாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூகுளில் கிடைத்த படம் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. சட்டச் சிக்கலை விடுங்கள், அது உங்கள் ஊர்க் காளானே இல்லை.

இருப்பிடத்தைத் துல்லியமாக வெளியிட வேண்டாம். புற்றுக்காளான் வரும் புற்று ஒரு குடும்பத்தின் மழைக்கால வருமானமாக இருக்கலாம். வரைபடத்தில் புள்ளி வைத்தால் அடுத்த ஆண்டு வெளியூர் வண்டிகள் முன்பே வந்து நிற்கும். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பழங்குடி மக்களிடமிருந்து பெயரோ பயன்பாடோ கேட்டறிந்தால் வெளியிடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் குறிப்பேட்டோடு நிற்கட்டும். அவர்கள் உண்பதை அவர்கள் தலைமுறை அறிவோடு உண்கிறார்கள். உங்கள் பக்கத்தைப் படிப்பவருக்கு அந்த அறிவு இல்லை.

ஆண்டுதோறும்

மழை ஓய்ந்த மாதங்களில் இந்த வேலைகளை முடியுங்கள்:

1. ஒவ்வொரு அறிவியல் பெயரும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயரையும் பக்கத்தில் வைத்திருங்கள். அதைக்கொண்டு தேடுவோர் உண்டு.
2. மாதிரி டப்பாக்களைத் திறந்து சிலிகா ஜெல்லை மாற்றுங்கள். வண்டு விழுந்த உறையைத் தனியே எடுத்து உறைபெட்டியில் சில நாள் வையுங்கள்.
3. தளத்தின் முழுப் படியெடுத்து இரு வேறு வீடுகளில் வன்தட்டில் வையுங்கள்.
4. தளப்பெயரைப் புதுப்பிக்கும் தேதியும் கடவுச்சொற்களும் இரண்டு பேர் கையில் இருக்கின்றனவா என்று சோதியுங்கள். ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.
5. பெயர் தெரியாதவற்றின் பட்டியலை எல்லோரும் ஒருநாள் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அடுத்த மழையில் எந்தெந்த இடத்துக்குத் திரும்பப் போய் எதைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்தே எழுதிக்கொள்ளலாம்.